பூஞ்சணம் நுனியில்தான் வளர்கிறது: வகுப்பிலும் வெளியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பூஞ்சணப் பாடம் தொடங்கினால் வருடாவருடம் அதே சந்தேகங்கள்தான் வரும். கொழும்பில் பூஞ்சணம் எல்லார் வீட்டிலும் இருப்பதால் பெற்றோரும் பக்கத்து வீட்டாரும்கூடக் கேட்பார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாயால் வந்தபடியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் சேர்த்திருக்கிறேன். பாடநூலில் பங்கசு என்று வருவதைத்தான் இங்கே பூஞ்சணம் என்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை கடைசியில்.

சேர், பாண்ல பச்சையா கறுப்பா வருதே, அதுதானே பூஞ்சணம்?

அது பூஞ்சணத்தின் ஒரு பகுதி மட்டும். பச்சையும் கறுப்பும் வித்திகளின் நிறம். அவை உருவாகும் முன்பே நிறமில்லாத மெல்லிய இழைகள் பாணுக்குள் நன்றாகப் பரவியிருக்கும். ரைசோப்பஸ் என்றால் முதலில் வெள்ளைப் பஞ்சுபோலத் தெரியும், அப்புறம் அதன்மேல் கறுப்புப் புள்ளிகள் வரும். பெனிசிலியம் என்றால் நீலம் கலந்த பச்சைப் படலம்.

இழை ஒன்றின் தடிப்பு பொதுவாக 2 முதல் 10 மைக்ரோமீற்றர். நம் தலைமுடி 70 முதல் 100 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். அதனால்தான் தனி இழை கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறம் வந்த நாளில்தான் பூஞ்சணம் வந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அது முன்பே வந்து வளர்ந்து, வித்தி விடும் நிலைக்கும் வந்துவிட்டது.

இழை முடி மாதிரி அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வளருமா, இல்லாட்டி முழு நீளத்துக்கும் இழுபடுமா?

இரண்டும் இல்லை. முடி வேரில் வளர்கிறது, பழைய பகுதி வெளியே தள்ளப்படுகிறது. பூஞ்சண இழையில் பழைய பகுதி உருவான இடத்திலேயே அசையாமல் நிற்கும். புதிய பகுதி முன்னால், நுனியில், சேர்ந்துகொண்டே போகும். நுணுக்குக்காட்டியில் ஒரே இழையைச் சற்று நேரம் பார்த்தால் இது விளங்கும். இரண்டு கிளைகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாது, நுனி மட்டும் முன்னேறும்.

ஜேர்மனியில் ரைன்ஹார்ட் என்பவர் 1892 இலேயே இதைத் தெளிவாக எழுதிவைத்தார். 1969 இல் பார்ட்னிக்கி-கார்சியாவும் லிப்மனும் பூஞ்சணச் சுவரின் முக்கிய பொருளான கைட்டினைச் செய்யத் தேவையான வெல்லத்தைக் கதிர்வீச்சு அடையாளமிட்டு மியூக்கர் என்ற பூஞ்சணத்தின் இழைகளுக்குக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அந்த அடையாளம் நுனியின் முதல் மைக்ரோமீற்றர் அளவில்தான் அடர்த்தியாகத் தெரிந்தது. பின்னால் போகப்போக வேகமாகக் குறைந்தது. புதிய சுவர் எங்கே கட்டப்படுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான விடை எனக்குத் தெரியாது.

அப்போ நுனியில என்னதான் நடக்குது?

நுனிக்குப் பின்னால் நீண்ட தூரத்துக்குக் குழியவுரு (கலத்தின் உட்பொருள்) புடகங்கள் என்ற மிகச் சிறிய சவ்வுப் பைகளைச் செய்துகொண்டே இருக்கிறது. அகமுதலுருச் சிறுவலையிலும் கொல்கியிலும் உருவாகும் புடகங்களில் சுவர் கட்டும் நொதியங்கள், சுவரின் மூலப்பொருட்கள், வெளியே சுரக்கவேண்டிய நொதியங்கள் எல்லாம் இருக்கும். பெரிய புடகங்கள் ஏறத்தாழ 70 முதல் 100 நனோமீற்றர். கைட்டின் ஆக்கும் நொதியத்தைக் கொண்டுபோகும் சிறியவை 30 முதல் 40 நனோமீற்றர். அவற்றுக்குக் கைற்றோசோம் என்று பெயர்.

நீண்ட தூரத்துக்கு நுண்குழாய்கள் வழியாகக் கினேசின் புரதங்கள் இவற்றைக் கொண்டுவரும். நுனியை நெருங்கியதும் அக்றின் என்ற புரத இழைகளும் மயோசின் என்ற புரதமும் பொறுப்பேற்கும். கடைசியில் புடகம் நுனியின் கலமென்சவ்வோடு ஒன்றாகிவிடும். அந்த ஒரு நிகழ்வில் மூன்று காரியங்கள் நடக்கின்றன: புடகத்தின் சவ்வு இழையின் சவ்வாகிறது, உள்ளே இருந்த பொருள் சுவருக்குப் போகிறது, நொதியங்கள் வெளியே உணவின்மேல் விழுகின்றன. நியூரோஸ்போரா என்ற வேகமாக வளரும் பூஞ்சணத்தின் வேகத்தைத் தாங்க ஒரு நுனியில் நிமிடத்துக்குச் சுமார் 38,000 புடகங்கள் ஒன்றாகவேண்டும் என்று கொலின்ஜும் டிரின்சியும் 1974 இல் கணக்கிட்டார்கள். இந்த எண்ணை வகுப்பில் சொன்னால் ஒரு நிமிடம் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். எனக்கும் இன்றுவரை இது வியப்புத்தான்.

ஸ்பிட்சன்கேர்ப்பர் என்று ஒன்று படத்தில இருக்கே, அது ஒரு புன்னங்கமா?

இழைமணி, கரு போல அதைச் சுற்றிச் சவ்வு கிடையாது. நுனிக்கு வந்த புடகங்கள் ஒன்றாகக் கூடி நிற்கும் இடம் அது. கூடவே அக்றின், ரைபோசோம்கள், சில புரதங்களும் இருக்கும். 1920களில் ப்ருன்ஸ்விக் சாயமூட்டிய இழைகளில் இதைக் கண்டார். 1957 இல் கிர்பார்ட் உயிருள்ள இழைகளிலேயே பார்த்தார். இழை திரும்பும் பக்கம் அதுவும் நகர்வதையும், வளர்ச்சி நின்றால் அது மறைவதையும் அவர் கவனித்தார்.

எல்லாப் பூஞ்சணத்திலும் இது ஒரே மாதிரி இருக்காது. பிரிசுவர் (இழையைக் குறுக்கே பிரிக்கும் சுவர்) உள்ள இனங்களில் தெளிவான உருண்டையாகத் தெரியும். மியூக்கர், ரைசோப்பஸ் போன்றவற்றில் புடகங்கள் நுனியின் உட்புறத்தை ஒட்டிப் பிறை வடிவில் பரவியிருக்கும். ஆனால் வேலை ஒன்றுதான்.

சுவர் இவ்வளவு உறுதி என்றால் அது எப்படி நீளும்? மென்மையா இருந்தால் வெடிக்காதா?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் பாடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். நுனியில் இப்போதுதான் போடப்பட்ட கைட்டினும் குளுக்கன் என்ற இன்னொரு சுவர்ப்பொருளும் ஒன்றோடொன்று இன்னும் பிணைக்கப்படவில்லை. அதனால் அங்கே சுவர் வளைந்து நீளக்கூடியது. நுனி முன்னேற, அந்தப் பகுதி பக்கவாட்டுக்கு வந்துவிடும். அதற்குள் கைட்டின் சங்கிலிகள் சேர்ந்து நார்களாகும், பீற்றா-1,3-குளுக்கனோடு பிணைப்புகள் உருவாகும், சுவர் இறுகிவிடும். 1980களில் வெசெல்ஸ் முன்வைத்த விளக்கம் இது. மென்மையான பகுதி எப்போதும் இருக்கும், ஆனால் அது எப்போதும் புதிய சுவராலானது.

வெடிக்கவும் வெடிக்கும். வேகமாக வளரும் நுனியை மென்னமிலத்தில் திடீரென்று நனைத்தால் நுனி உடைந்து குழியவுரு வெளியே பீறிடும். பக்கச் சுவர் அப்படியே இருக்கும். எங்கே சுவர் மெலிவு என்பதற்கு இதுவே சான்று.

தள்ளுறது எது சேர், அமுக்கமா புடகமா? பரீட்சையில எதை எழுதுறது?

இரண்டையும் எழுதுங்கள், ஆனால் வேலையைப் பிரித்து எழுதுங்கள். பிரசாரணத்தால் நீர் உள்ளே வந்து வீக்க அமுக்கம் உண்டாகிறது. நியூரோஸ்போராவில் அது வளிமண்டல அமுக்கத்தின் 4 முதல் 5 மடங்கு. அந்த அமுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்தும். நீளும் இடம் எது என்பதைத் தீர்மானிப்பது அமுக்கம் இல்லை, புடகங்கள் வந்து சேரும் இடமும் அங்கே சுவர் மென்மையாக இருப்பதும்தான்.

சிலர் அமுக்கமே எல்லாம் என்பார்கள். அது போதாத விளக்கம் என்பது என் கருத்து. சப்ரோலெக்னியா, அக்லியா போன்ற நீர்ப்பூஞ்சணங்கள் உண்மைப் பூஞ்சணங்கள் அல்ல, ஊமைசீற்றுகள் என்ற வேறொரு கூட்டம். ஆனால் அவையும் நுனியில்தான் வளர்கின்றன. அவற்றின் வீக்க அமுக்கத்தை அளக்கமுடியாத அளவுக்குக் குறைத்தபோதும் இழைகள் நீண்டன. ஆனால் கெட்டியான அகார் என்ற வளர்ப்புக்கூழுக்குள் துளைக்கும் பலம் போய்விட்டது. ஆகவே துளைப்பதற்கு அமுக்கம் கட்டாயம் வேண்டும். அதன் உச்சத்தைப் பார்க்க நெல் எரிபந்த நோயின் பூஞ்சணத்தைப் பாருங்கள். இலையில் ஒட்டியதும் அதன் நுனி இருண்ட சிறு குமிழாக மாறும். அதற்குள் வளிமண்டல அமுக்கத்தின் 80 மடங்கு வரை ஏறும். அந்த அமுக்கத்தில் ஒரு முளை நெல் இலையின் தோலைக் குத்தி உள்ளே போகும்.

எவ்வளவு வேகமா வளரும்?

இனத்தைப் பொறுத்தது. நியூரோஸ்போரா கிராசா நல்ல சூட்டில் நாளொன்றுக்கு 8, 9 சென்ரிமீற்றர் ஓடும். அதாவது மணிக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல். பெனிசிலியம் அதன் பக்கத்தில் மிக மெது. குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியஸில் வேகம் குறையும், ஆனால் பெனிசிலியம் அங்கேயும் வளரும். பெட்டிக்குள் வைத்ததால் பாதுகாப்பு என்று நம்பி மறந்துவிடாதீர்கள்.

பின்னால இருக்கிற பழைய இழை செத்ததா? அதுக்கு வேலை இல்லையா?

அது இல்லாவிட்டால் இந்த வேகம் வரவே வராது. நுனியின் சில மைக்ரோமீற்றரில் அவ்வளவு பொருளையும் செய்யமுடியாது. பின்னால் உள்ள நீண்ட பகுதி உணவை உறிஞ்சி, புடகங்களைச் செய்து முன்னால் அனுப்புகிறது. குழியவுருவும் கருக்களும் இழைமணிகளும்கூட நுனியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். நியூரோஸ்போரா போன்றவற்றில் பிரிசுவர் இருக்கிறதே என்பீர்கள். அதன் நடுவில் துளை உண்டு. ரைசோப்பஸ், மியூக்கர் இழைகளில் வளரும் பகுதியில் பொதுவாகப் பிரிசுவரே கிடையாது.

மிகப் பழைய பகுதிகள் காலப்போக்கில் வெறுமையாகி விடுவது உண்மை. நடுவே இழையை வெட்டினால்? நியூரோஸ்போரா உள்ள அஸ்கோமைசீற்றுகள் என்ற பூஞ்சணக் கூட்டத்தில் பிரிசுவரின் பக்கத்தில் வொரோனின் சிறுதுணிக்கைகள் காத்திருக்கும். வெட்டிய கணத்திலேயே அவை துளையை அடைத்துவிடும். பிறகு அடைப்புக்குப் பின்னால் புதிய நுனி கிளம்பும். நுனியை அழித்தால் பூஞ்சணம் அழிந்துவிடும் என்று எண்ணவேண்டாம், அதற்கு இன்னொரு நுனி செய்யத் தெரியும்.

ஏன் எப்பவும் வட்டமாப் பரவுது?

ஒரு வித்தி முதலில் நீரை எடுத்து எல்லாப் பக்கமும் வீங்கும். அப்புறம் ஓரிடத்தைத் தெரிந்து அங்கே முளைக்குழாய் விடும். அது நீண்டு கிளைவிடும், கிளைகளும் கிளைவிடும். விளிம்பில் உள்ள நுனிகள் ஒன்றையொன்று தவிர்த்து வெளிப்புறமாக விலகிப் போகும். எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே வேகம் என்றால் விளிம்பு வட்டமாகத்தான் வரும். உட்பகுதியில் நிலைமை வேறு, அங்கே இழைகள் தேடிப்போய் ஒன்றோடொன்று இணைந்து வலையாகும்.

தோலில் வரும் படை வளையமாக இருப்பதற்கும் இதுதான் அடிப்படை. விளிம்பில் நுனிகள் புதிய தோலுக்குள் முன்னேறிக்கொண்டிருக்கும். நடுப்பகுதி ஆறியதுபோலத் தெரியும். களிம்பைச் சிவப்பு வளையத்தின்மேல் மட்டும் பூசாமல் அதற்கு வெளியே 2 சென்ரிமீற்றர் வரையும் பூசச்சொல்வது அதனால்தான். சிவப்பு மறைந்த பிறகும் வைத்தியர் சொன்ன நாள்வரை விடாமல் பூசவேண்டும். ஸ்ரீரொயிட் களிம்பை நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சணம் பரவும்.

பாண்ல மேல இருக்கிறதைச் சுரண்டிட்டுச் சாப்பிடலாமா தம்பி?

வேண்டாம் அன்ரி. முதல் கேள்வியில் சொன்னதுபோல, சுரண்டுவது வித்திகளை மட்டும். நுனிகள் அதற்கு முன்பே பாணுக்குள் போயிருக்கும். பாண், கேக், சோறு, ஜாம், மென்மையான பழம் என்று ஈரமும் மென்மையும் உள்ள எதுவானாலும் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கடினமான சீஸ் மட்டும் விதிவிலக்கு. பூஞ்சணம் உள்ள இடத்தைச் சுற்றி 2.5 சென்ரிமீற்றர் ஆழமும் அகலமுமாக வெட்டிவிட்டு மீதியை எடுக்கலாம்.

கச்சான், கொப்பரா, செத்தல் மிளகாய் இவற்றில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் வளரும் அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் அபிளாரொட்சின் என்ற நச்சைச் செய்யும். ஈரலுக்கு மிகக் கெடுதலானது, புற்றுநோயையும் உண்டாக்கும். சாதாரணச் சமையல் சூட்டில் அது முழுதாக அழியாது. கழுவினாலும் வறுத்தாலும் போய்விடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கொப்பராவை ஈரம் 6 சதவீதமளவுக்கு வரும்வரை காயவைப்பதுதான் சரியான தடுப்பு. நீர் குறைந்தால் நுனி நகராது.

பூஞ்சணம் ஏன் இப்படி நுனியிலேயே வளரணும்?

பூஞ்சணத்தால் வாய் திறந்து விழுங்கமுடியாது, நடந்துபோய் உணவைத் தேடவும் முடியாது. நொதியத்தை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சவேண்டும். பெரிய மூலக்கூறுகள் இறுகிய பக்கச் சுவரைத் தாண்டுவது கடினம். நுனியில் புடகங்கள் திறக்கும் அதே இடத்தில் நொதியங்களும் வெளியே வருகின்றன. ஆகவே முன்னேறும் இடமும் உணவைக் கரைக்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. இழை தன் முன்னால் உள்ளதைக் கரைத்துக்கொண்டே அதற்குள் நுழைகிறது. மரக்கட்டை, இலைக்குப்பை, பாண் என்று கெட்டியான பொருட்களுக்குள் வாழ இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

மழை தொடங்கினாச் சுவர், தோல் பை, கமரா லென்ஸ் எல்லாத்துலயும் வருதே, என்ன செய்யிறது?

கொழும்பின் காற்றில் ஈரப்பதன் வருடம் முழுவதும் உயர்வுதான். தென்மேற்குப் பருவக்காற்றிலும் ஒக்ரோபர், நவம்பர் மழையிலும் வீட்டுக்குள் இன்னும் கூடும். சார் ஈரப்பதன் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பூஞ்சணங்களுக்கு வீட்டுக்குள் வளர வழியில்லை. கடற்கரைப் பக்கத்து மாடிவீடுகளில் அது சிரமம், ஆனாலும் அலுமாரியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைப்பது, குளியலறைக் காற்றை வெளியேற்றுவது, கசியும் குழாயைத் திருத்துவது எல்லாம் பலன் தரும். கசிவை விட்டுவிட்டு மேலே பெயின்ற் அடித்தால் உள்ளே இழைகள் தொடரும்.

லென்ஸில் வளரும் இழைகள் விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். அதைத் துடைத்தாலும் தடம் போகாது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அந்த ஜெல்லை இடைக்கிடை சூடாக்கிக் காயவையுங்கள்.

ஈரத்துக்குள்ள இருக்கிற இழை எப்படிக் காற்றுக்கு வெளியே நிமிர்ந்து வரும்?

நீரின் மேற்பரப்பு இழுவிசை இவ்வளவு மெல்லிய நுனிக்குப் பெரிய தடை. பூஞ்சணம் ஹைட்ரோபோபின் என்ற சிறு புரதங்களைச் சுரக்கிறது. அவை நீரின் மேற்பரப்பில் படலமாகி இழுவிசையைக் குறைக்கும், நுனி வெளியே வரும். வெளியே வந்த இழையின்மேலும் அதே புரதம் படிந்து நீர் ஒட்டாத தோலாகும். சிசோபில்லம் கொம்யூன் என்ற காளானில் இது நன்றாக ஆராயப்பட்டது.

நுனிக்குத் திசை தெரியுமா, சும்மா கண்டபாட்டுக்குப் போகுதா?

தெரியும். உணவின் செறிவு, வேரிலிருந்து கசியும் பொருட்கள், எதிர்ப்படும் பரப்பின் வடிவம் இவற்றை நுனி உணர்கிறது. அவரைத் துரு நோய்ப் பூஞ்சணத்தை வைத்து 1987 இல் அமெரிக்காவில் செய்த சோதனை எனக்கு மிகப் பிடித்தது. செயற்கைப் பரப்பில் வெவ்வேறு உயரங்களில் சிறு மேடுகள் செதுக்கி அதன்மேல் முளைக்குழாய்களை ஓடவிட்டார்கள். ஏறத்தாழ 0.5 மைக்ரோமீற்றர் உயரமான மேட்டைத் தொட்டதும் நுனி நின்றது, அங்கேயே ஒட்டு உறுப்பை உண்டாக்கியது. அவரை இலைவாயின் காவற்கல உதட்டின் உயரமும் அதுதான்.

இந்த நாட்டின் வரலாறே இப்படியொரு நுனியால் மாறியது. கோப்பித் துரு நோய் 1869 இல் இலங்கையில் அறிவிக்கப்பட்டது. அதன் முளைக்குழாயும் கோப்பி இலையின் கீழ்ப்பரப்பில் ஊர்ந்து, இலைவாயைக் கண்டதும் அதன்மேல் ஒட்டு உறுப்பை வைத்து உள்ளே நுழைகிறது. 1880 இல் மார்ஷல் வார்ட் இங்கே வந்து 1882 வரை ஆராய்ந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. மலையகத் தமிழரின் மூதாதையர் முதலில் அழைத்துவரப்பட்டது அந்தக் கோப்பித் தோட்டங்களுக்குத்தான் என்பதை வகுப்பில் நான் தவறாமல் சொல்வேன். பாடநூலின் படத்தில் உள்ள முளைக்குழாய்க்குப் பின்னால் அத்தனை குடும்பங்களின் வாழ்வு இருக்கிறது.

பெனிசிலின் பூஞ்சணத்திலிருந்துதானே வருது, அது ஏன் பூஞ்சணத்தைக் கொல்றதில்ல?

1928 இல் பிளெமிங் கண்ட பெனிசிலின் பற்றீரியாவின் சுவரில் உள்ள பெப்ரிடோகிளைக்கன் உருவாவதைத் தடுக்கும். பூஞ்சணச் சுவரில் அது இல்லவே இல்லை. அங்கே கைட்டினும் குளுக்கனும்தான். பூஞ்சண நோய்க்கு அதற்குரிய மருந்து வேண்டும். காஸ்போபங்கின் என்ற மருந்து பீற்றா-1,3-குளுக்கன் ஆக்கும் நொதியத்தைத் தடுக்கும். அஸ்பர்ஜில்லஸ் இழையில் அதன் அடி முதலில் விழுவது வளரும் நுனியில். சுவர் கட்டுவது தடைப்பட, முன்னே சொன்ன வீக்க அமுக்கம் நுனியை உடைத்துவிடும்.

மதுவமும் பூஞ்சணம்தானே, அதுக்கு நுனி எங்க?

அரும்பில். புடகங்களை ஓரிடத்துக்கு அனுப்பும் அதே ஏற்பாடு மதுவத்திலும் உண்டு. ஆனால் சற்று நேரத்தில் அது அரும்பின் முழுப்பரப்புக்கும் பரவிவிடும். அதனால் அரும்பு உருண்டையாகும். கன்டிடா அல்பிகன்ஸ் உருண்டையாகவும் இருக்கும், உடற்சூட்டிலும் குருதிப்பாயத்திலும் இழையாகவும் நீளும்.

பூஞ்சணத்தைத் தவிர வேற எதுவும் இப்படி வளருமா?

மகரந்தக் குழாய், வேர்மயிர், மேலே சொன்ன நீர்ப்பூஞ்சணங்கள், ஸ்ரெப்ரோமைசிஸ் என்ற பற்றீரியா. கடைசியானதில் புடகமும் இல்லை, பாதையும் வேறு. தனித்தனியாகத் தோன்றிய ஒரே தீர்வு என்று கொள்ளலாம்.

புடகங்கள் வந்து சேர்ந்தால் நுனி ஏன் உருண்டையாகாமல் குழாயாகவே போகுது?

புடகங்கள் வெளியேறும் மையம் நகர்ந்துகொண்டே இருப்பதால். 1989 இல் பார்ட்னிக்கி-கார்சியாவும் குழுவினரும் இதைக் கணிதமாக்கினார்கள். ஒரு மையத்திலிருந்து புடகங்கள் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மையம் அசையாமல் நின்றால் உருண்டை வரும். சீரான வேகத்தில் நேராக நகர்ந்தால் குழாய் வரும். நேரத்துக்கு எத்தனை புடகம் வருகிறது என்பதை மையத்தின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவுதான் குழாயின் தடிப்பைத் தீர்மானிக்கிறது. கணினியில் வரைந்த உருவம் உண்மை இழையின் படத்தோடு நன்றாகப் பொருந்தியது.

அந்த மையம்தான் ஸ்பிட்சன்கேர்ப்பர் என்பது அவர்களின் கருத்து. பிறகு 1997 இல் லேசர் கதிரால் அதை ஒரு பக்கத்துக்கு நகர்த்திப் பார்த்தார்கள். இழையும் திசை மாறி வளர்ந்தது.

ஒரே பூஞ்சணம் எவ்வளவு தூரம் போகும்?

அமெரிக்காவில் ஒரிகன் காட்டில் ஆர்மில்லேரியா என்ற பூஞ்சணத்தின் ஒரே உயிரி 9 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரவியிருக்கிறது. கொழும்பு மாநகரசபை எல்லையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். அதாவது நகரத்தின் நாலில் ஒரு பங்கு. வயது குறைந்தது இரண்டாயிரம் ஆண்டு அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். தனி இழையாக அது அவ்வளவு தூரம் போகவில்லை, இழைகள் சேர்ந்து வேர்போன்ற வடங்களாக மண்ணில் ஓடுகின்றன.

இதைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில பார்க்கலாமா?

தாராளமாக. கண்ணாடி வழுக்கியில் மெல்லிய அகார் படையிட்டு, அதன் ஓரத்தில் சிறிது ரைசோப்பஸ் அல்லது மியூக்கர் வைத்து, ஈரமான பெற்றிக் கிண்ணத்துக்குள் மூடிவையுங்கள். மறுநாள் விளிம்பைப் பாருங்கள். 40 மடங்குப் பொருள்வில்லையில் ஒரு நுனியைப் பார்வைப்புலத்தின் ஓரத்தில் நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் இடத்தைக் குறியுங்கள். பக்கத்துக் கிளை அசையாது நிற்பதையும் சேர்த்துக் குறியுங்கள். ஸ்பிட்சன்கேர்ப்பர் சாதாரணக் காட்டியில் தெரியாது, அதற்கு அவத்தை வேறுபாட்டுக் காட்டி வேண்டும். பாணில் வந்ததைக் கிளறி வித்திகளை முகர்ந்துவிடாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

நுனியில மட்டும்தான் வளரும் என்றீங்க. காளான் ஒரே இரவில பெருசாகுதே, அது எப்படி?

விதிவிலக்குகள் உண்டு, இது அதில் ஒன்று. காளான் மொட்டாக இருக்கும்போதே அதன் இழைகளில் பெரும்பகுதி உருவாகிவிடும். மழைக்குப் பின் தண்டின் கலங்கள் நீரை உறிஞ்சி, சுவரின் பக்கப்பகுதியிலும் கைட்டினைச் செருகி, நீளவாக்கில் விரிகின்றன. அங்கே நீள்வது நுனி மட்டும் இல்லை, கலத்தின் உடலும்தான். பைக்கோமைசிஸ் பூஞ்சணத்தின் நெடிய வித்திக்காம்பும் தலை உருவான பிறகு, தலைக்குச் சற்றுக் கீழே உள்ள பகுதியில் நீளும்.

இன்னொரு விதிவிலக்கு புல்லுக்குள் இருக்கிறது. எப்பிக்குளோ என்ற பூஞ்சணம் புல்லின் இலைக் கலங்களுக்கிடையே, இலைக் கலங்களோடு ஒட்டியபடி, பெரும்பாலும் புல்லுக்குக் கெடுதல் செய்யாமல் வாழ்கிறது. புல் இலை அடிப்பகுதியில் நீளும்போது ஒட்டியிருக்கும் இழைகள் நுனியில் மட்டும் வளர்ந்தால் அறுந்துவிடும். அந்த இழைகள் தம் நடுப்பகுதியிலேயே நீண்டு, புதிய பிரிசுவர்களும் இட்டு, இலையோடு ஒத்துப்போகின்றன என்று 2008 இல் காட்டினார்கள். இலை நீள்வதை நிறுத்தியதும் இழையும் நிறுத்திவிடும், ஆனால் இறந்துபோகாமல் இலை வாழும்வரை உள்ளே உயிரோடு இருக்கும்.